ஆறாம் இலக்கக் கணினி

எங்களிடம் ஏழு கணினிகள்.
ஒன்று, வங்கி கழித்துத் தந்தது.
இரண்டு, வெளிநாட்டிலிருந்து யாரோ
பெயர் பொறித்து அனுப்பியவை.
மூன்றில் அமைச்சின் ஒட்டுச்சீட்டு இன்னும் உரியவில்லை.
ஆறாம் இலக்கத்துக்கு மட்டும் ஊர்பேர் இல்லை.
ஆளியைப் போட்டுவிட்டு கன்டீனுக்குப் போய்
ரோல்ஸ் தின்று வரலாம்.
அப்போதும் அது
வரவேற்றுக்கொண்டே இருக்கும்.

போட்டிக்கு ஒன்பது கிழமை.
கடலடியில் கிழிந்த வலைத்துண்டு பொறுக்க
ரோபோவுக்கு ஒரு கை வேண்டும்.
கை முதலில் திரையில் முளைக்க வேண்டும்.
எந்த மென்பொருளில் என்பதில்தான்
உவர்மலை அதிர்ந்தது.

நான் பெரியதன் பக்கம்.
விமானக் கம்பனிகள் பாவிப்பது.
சந்திக் கடையில் இருநூற்றைம்பது ரூபாய்க்கு
பென் டிரைவில் ஏற்றித் தருவார்கள்,
பூட்டுடைக்கும் கோப்பும் சேர்த்து.

ஷிஹாரா மேகத்தின் பக்கம்.
பதியவே தேவையில்லை, உலாவியில் திறக்கும்,
நீ உன் வீட்டில், நான் என் வீட்டில்,
ரெண்டு பேரும் ஒரே ஆணியைத் திருகலாம் என்றாள்.
திறந்தது.
உருளையொன்று அரைவாசி வந்தது.
டேட்டா முடிந்தது.
மிச்ச அரைவாசி இன்னும் மேகத்தில்தான்,
மாரி வந்தும் இறங்கவில்லை.

லோஜிதன் ஒன்றும் சொல்லவில்லை.
காசு கேட்காத, அழகுமில்லாத ஒன்றை
ஆறாம் இலக்கத்தில் பதிந்துகொண்டிருந்தான்.
எப்போதும் அவன் அதில்தான்.
கட்டைபறிச்சானிலிருந்து பஸ் வந்து சேர
மற்ற ஆறிலும் நாங்கள் இருப்போம்.

மூன்றுக்கும் புள்ளி போடுவதென்று முடிவு.
வேகம், விலை, விளங்குமா விளங்காதா,
தாளில் கட்டம் கீறி எழுதி
யன்னலோரம் கல் வைத்துவிட்டுச்
சாப்பிடப் போனோம்.
வந்து பார்த்தால்
புள்ளிமான் ஒன்று
எங்கள் புள்ளிகளை மென்றுகொண்டு நிற்கிறது.
பெரியதற்கு நான் போட்ட எண்பத்தொன்பது
அதன் தாடையில் இடமும் வலமுமாய் அரைபட்டது.
இந்த ஊரில் மானோடு யார் வழக்காடுவது?

பின்னேரம் விண்ணப்பப் படிவம் வந்தது.
குழுவின் பெயர். பாடசாலை. பொறுப்பாசிரியர்.
நான்காம் பெட்டியில்:
மென்பொருளின் உரிமம் யார் பெயரில்?
பேனை அங்கே நின்றது.
கடைக்காரனின் பெயர்கூட
எனக்குத் தெரியாது.

அப்போதும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.
மூன்று மில்லிமீற்றர் துளையோடு ஒரு வளையம்,
எல்லாவற்றிலும் வரைவோம்,
நேரம் பார்ப்போம் என்றேன்.
ஷிஹாரா தன்னுடையதைத் தானே விலக்கினாள்;
டேட்டாவுக்கு வாப்பாவிடம்
இந்த மாதம் இன்னொருமுறை கேட்க ஏலாது.

ஆறாம் இலக்கத்தில் வரைவோம், என்றான் லோஜிதன்.
அன்று அவன் பேசிய முதல் வசனம்.
ஏன் அதில்? வேறு நல்லது இருக்குத்தானே.
உனக்கு இருக்கு, என்றான்.

பெரியது
ஆறாம் இலக்கத்தில் தன் சின்னத்தைக் காட்டியது.
காற்றாடி இரைந்தது.
திரை நீலமாய்ப் பூத்தது.
அவ்வளவுதான்.

மற்றது தட்டுத்தடுமாறி வட்டம் கீறியது.
பன்னிரண்டு மூலையோடு ஒரு வட்டம்.
நான் சிரித்தேன்.
பொறு, என்றான்.
துறைமுகத்தில் கப்பலொன்று ஊதி ஓய
மூலைகள் ஒவ்வொன்றாய் உருண்டன.
துளையை அளந்தோம்.
மூன்று.

இப்போது ஏழிலும் அதுதான்.
நான்காம் பெட்டியில்
'எவருக்கும் இலவசம்' என்று எழுதி அனுப்பினோம்.
அழகில்லை என்றேனே, இன்றும் அழகில்லை.
எந்தப் பட்டியலில் எது ஒளிந்திருக்கிறதென்று
லோஜிதனைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது,
கேட்கிறேன்.
கணினிகளுக்கு முறை போட்டிருக்கிறோம்.
புதன்கிழமை ஆறாம் இலக்கம் எனக்கு.
ரோல்ஸ் விலை கூடிவிட்டது.

நேற்று விரலின் விளிம்பை வளைக்கப் போய்
மூன்றுதரம் தானாய் மூடிக்கொண்டது.
ஐந்து நிமிடத்துக்கொருமுறை சேமிக்கவும் என்று
ஷிஹாரா பெரிய எழுத்தில் எழுதி
யன்னலுக்கு மேலே ஒட்டியிருக்கிறாள்,
மானுக்கு எட்டாத உயரத்தில்.