ஏழாம் எண் அறை

இங்கே ராத்திரி எத்தனை மணிக்கு வரும் என்று
ஜூனில் கேட்டார் லீவன்.
ஆகஸ்டில் என்றேன்.
சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதை
மூன்றாம் நாள்தான் கவனித்தார்.

கோடையில் எங்களுக்குப் பொழுது சாயாது.
வரங்கர் கடலின் விளிம்புவரை இறங்கி
எதையோ மறந்துவிட்டதுபோல் திரும்பி ஏறும்.
பின்னிரவு இரண்டு மணிக்கு
பக்கத்து வீட்டு இஸ்ஸாத்
வேலிக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தான்.
கடற்காக்கைகளுக்குத் தொண்டை கட்டவே இல்லை.

லீவன் என் சமையலறையிலிருந்து
அலுமினியத் தாளை வாங்கிப்போய்
சன்னல் முழுக்க ஒட்டி
சின்னதாய் ஓர் இரவு செய்துகொண்டார்.
பதினோரு மணிநேரம் தூங்கினார்.
போகும்போது பிய்க்கவில்லை.
நானும்தான்.

செப்டம்பரில் சேறு. அக்டோபரில் சேற்றின்மேல் பனி.
நவம்பர் கடைசியில் சூரியன் வேலையை விட்டுப் போனது.
பிறகு வந்தவர்கள் இருட்டைத் தேடி வந்தவர்கள்,
வானத்துப் பச்சை ஒளிக்காக
வாசலில் கால் மரத்து நின்றவர்கள்.
மேகம் மூடிய ஐந்து இரவுகளுக்குக்
காசைத் திருப்பிக் கேட்டாள் ஒருத்தி.
மீன் சூப் கொடுத்தேன்.

ஏழாம் எண் அறையை யாரும் குறை சொல்லவில்லை.
சன்னலில் இருப்பது தாளா இருட்டா என்று பார்க்க
யாருக்கும் பகல் கிடைக்கவில்லை.

ஜனவரி இருபது. பள்ளிக்கூடம் சீக்கிரமே விட்டது,
பிள்ளைகள் குன்றுக்கு ஓடினார்கள்.
நான் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன்.
தாளில் குண்டூசி அளவு ஓர் ஓட்டை.
அதன் வழியே
செம்மஞ்சளாய் ஒரு புள்ளி
தலையணைமேல் வந்து உட்கார்ந்தது.

பிய்க்கத்தான் கை போனது.
பிய்க்காமல்
உள்ளங்கையை ஏந்திக்கொண்டு நின்றேன்
அது நகர்ந்து
சுவருக்குப் போகும்வரை.