மூன்றாவது கை

எழுத்துகள் தீப்பிடித்து எரிய வேண்டும் என்றான் தவயோகன்.
எரித்தேன்.
பின்னால் நயாகரா, உறைந்தபடி.
அதன் மேல் ஓர் அன்னம்,
சி.என். டவரைவிட அரைச் சாண் உயரமாய்.
"என்னடா இது சைஸ்?" என்றதற்கு
"அன்னம் பாலையும் தண்ணியையும் பிரிக்கும்,
நீ சைஸைப் பிரிக்காதை" என்றான்.

இசைத்தட்டின் பெயர்
'மைனஸ் முப்பதில் மோகனம்.'

தொண்ணூற்றொன்பது, மாசி மாதம், ஸ்கார்பரோ.
மார்க்கம் ரோடும் லோரன்சும் சந்திக்கிற இடத்தில்
மீன்கடைக்கு மேலே என் அச்சகம்.
ஒரு கம்ப்யூட்டர், ஒன்றரைக் கதிரை,
களவாய்ப் பதிந்த ஒரு மென்பொருள்.
அதில் எனக்குப் பிடிபட்டது
கத்தரிக்கோல் மட்டும்.

அவன் கோட் போட்டுச் சிரித்த ஒரே படம்
மிஸிஸாகாவில் யாரோ கலியாணத்தில் எடுத்தது.
பக்கத்தில் நான்,
அவன் தோளில் கை போட்டு, வாயில் வடையோடு.
என்னை வெட்டத் தொடங்கினேன்.
காது போனது. வடை போனது.
வயிறு போக ஒன்றேகால் மணித்தியாலம்.
கை மட்டும் போகவில்லை.
அவன் கோட்டும் கறுப்பு, என் சட்டையும் கறுப்பு,
அவன் எங்கே முடிகிறான், நான் எங்கே தொடங்குகிறேன் என்று
கம்ப்யூட்டருக்கே விளங்கவில்லை.
முழங்கையோடு நறுக்கினேன், மிச்சம் அப்படியே நின்றது:
ஐந்து விரல், ஒரு கசியோ மணிக்கூடு.
சாமம் மூன்று மணி.
கீழே விளைமீன்கள் ஐஸில் கண்ணை மூடாமல் கிடந்தன.
சரி, ஆர் பார்க்கப் போகினம் என்று விட்டுவிட்டேன்.

எல்லாரும் பார்த்தார்கள்.
ஐந்நூறு தட்டு அடித்தோம்.
பாட்டைக் கேட்டவர் எத்தனை பேரோ தெரியாது,
கையைக் கேட்டவர் ஐந்நூறு பேர்.
"உது ஆற்றை கை?"
கோயில் வரிசையில் கேட்டார்கள்.
டயர் மாற்றுகிற இடத்தில்
காருக்கு அடியில் இருந்து ஒருவர் கேட்டார்.
அவன் மனைவி பிரசாந்தினி நகங்களை எண்ணிப் பார்த்துவிட்டு
பூச்சு இல்லை என்ற பிறகுதான் சோறு போட்டாளாம்.
அஜாக்ஸில் ஒரு பாஸ்டர்
அது ஆண்டவரின் கரம் என்று நான்கு தட்டு வாங்கினார்.
(மணிக்கூடு பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.)
முதுகுப் பக்கத்தில் மோகனம்
கால் முறிந்து 'மேகனம்' என்று அச்சாகியிருந்ததை
ஒரு குருவியும் காணவில்லை.
அந்தப் புண்ணியம் கைக்குத்தான்.

தவயோகன் என்னோடு கதையை நிறுத்தியது
இதற்காக இல்லை. இதற்கு அவன் சிரித்தான்,
அழும்வரைக்கும் சிரித்தான்.
நின்றது இரண்டு வருஷம் கழித்து, சீட்டுக் காசில்.
அது வேறு கதை.
அதில் என் கை சுத்தமில்லை.

போன சனிக்கிழமை
கெனடி ரோட்டில் பழைய சாமான் கடை.
பனிச்சப்பாத்துத் தேடிப் போன இடத்தில்
இரண்டு பிள்ளைகள் நிலத்தில் இருந்து
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள்.
"அங்கிள், அங்கிள், இதைப் பாருங்கோ!"

பார்த்தேன்.
தீ இன்னும் அணையவில்லை.
அன்னம் வெளிறி வாத்தாகிவிட்டது.
அவனுக்குத் தலைமயிர் இருந்தது.
"பின்னால பேய் பிடிச்சிருக்கு, ஆனா டைம் பார்க்கிற பேய்,"
என்றாள் மூக்குத்தி போட்டவள்.
ஓம் என்றேன்.
கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

தொண்ணூற்றொன்பது சதம்.
நான் எடுக்கட்டா என்று கேட்டேன், தரவில்லை.
சுவரில் மாட்டப் போகிறாளாம்.
இவ்வளவு மோசமான படத்தைத் தன் வாழ்நாளில் கண்டதில்லையாம்.
உள்ளே தட்டு இருக்கிறதா என்று திறந்தாள்,
இருந்தது, கீறலே இல்லாமல்.
"பாட்டு எப்படி அங்கிள், கேட்டிருக்கிறீங்களா?"

அந்த மாசியில் எனக்கு அட்டைதான் வேலை.
பிறகு கேட்க இருந்தேன்.
பிறகு சீட்டு வந்தது.

"நல்லாப் பாடுவான்," என்றேன்.