மாதாந்திர மின்தடை

மாசம் ஒரு நாள்
சோமனூருக்குக் காது திரும்ப வரும்.
எட்டுத் தறியும் நின்றுபோன அந்தப் புதன்கிழமை
பாபினைக் கோன் பெட்டிக்குள் போட்டுக் கட்டினோம்.
மூச்சுக்கு ஆறு ஓட்டை, தார்க்குச்சியால் குத்தியது.
ராத்திரி பத்து மணியிலிருந்து சோறு கிடையாது,
மத்தித் தலை கிடையாது,
டாக்டர் சொல்லியிருந்தார்.
விடிய விடிய என்னைத் திட்டியது.
நியாயம்தான்.

ஒரு காடா பீஸால் வந்த யோசனை இது.
நூற்றிருபது மீட்டர். மேல் மடிப்பில்
உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள்.
மூக்கைப் பொத்திக்கொண்டே
இருநூற்று நாற்பது ரூபாய் பிடித்துக்கொண்டார்
பாவு தருகிற முதலாளி.
ரசீதில் காரணம்: எண்ணெய்க் கறை.
பூனை மூத்திரம் என்றெழுத
அவருக்குக் கை வரவில்லை.

அதற்கு முன்னால் காது.
மில் சந்துச் சண்டையில் இடது காது கிழிந்து
கழுத்தில் சீழ் கட்டி
மூன்று நாள் காணாமல் போய்
நாலாம் நாள் கழிவுப் பஞ்சு மூட்டைமேல்
யாரோ வீசிவிட்டுப் போனதுபோல் கிடந்தது.
மஞ்சள் வைத்துக் கட்டினால்
கட்டை அவிழ்த்துவிட்டு மறுபடி சந்துக்குப் போனது.
ராசாமணி வீட்டுப் பெட்டை கூப்பிட்டிருந்தது.
அவள் தறிக்குழியில் அந்த வருஷம் பதினொரு குட்டி.
நாய் தின்றது போக, மோட்டார் பெல்ட் தின்றது போக
மிச்சம் இரண்டு.

'காயடிச்சா எலி புடிக்காதுங்கிறாங்க'
என்றார் சென்னியப்பன்.
யாருங்க?
'எல்லாருந்தான்.'
டீக்கடையில் எல்லாரும் என்றால் மூன்று பேர்.
'இருந்தாலும் ஒரு கடுவனைப் போயி...'
என்று நிறுத்தினார்.
நான் அறுந்த இழைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கௌசி பிறந்த ஏழாம் நாள்
பெரியாஸ்பத்திரியில் எனக்குச் செய்தபோது
டீக்கடையில் யாரும் கவலைப்பட்டதாக ஞாபகமில்லை.
எனக்கு இருபத்து மூன்று வயசு.
காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு
இவர் பஸ் ஏறிவிட்டார்.
பாவு முடிய வேண்டியிருந்தது.

எக்ஸெல் வண்டியின் முன்னால் பெட்டி, பின்னால் நான்.
சூலூர் வரைக்கும் பெட்டிக்குள்ளிருந்து
ஒரே எழுத்து, நெடிலாக.

டாக்டர் நஸ்ரினுக்கு என் மகள் வயசுக்கு மேல் கொஞ்சம்.
'பயப்படாதீங்க, இருபது நிமிஷம்.
சண்டை குறையும், ஊர் சுத்தறது குறையும்,
தெளிக்கிறது பெரும்பாலும் நின்னுரும்.
ஒடம்புல இருக்கற வாசம் அடங்கக் கொஞ்ச வாரம் ஆகும்.
சோத்தைக் குறைங்க, குண்டாயிரும்.'
எலி? என்றார் இவர்.
'அது தலையில இருக்குதுங்க' என்றார் டாக்டர்,
'கீழ இல்லை.'

வெறிநாய்க்கடிப் படம் ஒட்டிய சுவரோரம்
முழங்கால் இரண்டையும் சேர்த்து வைத்து
உட்கார்ந்திருந்தார் என் வீட்டுக்காரர்.
வலிக்குமாங்க என்று கேட்டார்.
ஊசி போட்டிருக்கு, தெரியாது என்றார்கள்.
கொஞ்ச நேரம் கழித்து
அதையே மறுபடி கேட்டார்.

திரும்பும்போது மடியில் பெட்டி, பாரமாக.
உள்ளே நாக்கு நுனி வெளியே தெரிய
பாபின் யாரோ மாதிரி தூங்கியது.
கருமத்தம்பட்டி சிக்னலில்
வண்டியை நிறுத்தி, முகத்தைத் திருப்பாமல்
'உனக்கு வலிச்சுதா?' என்றார்.
பத்தொன்பது வருஷம் கழித்து.
பச்சை விழுந்துவிட்டது.
பின்னால் லாரிக்காரன் அடித்த ஹாரனில்
நான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது.
எட்டுத் தறியும் ஒன்றாக எழுந்தன.
பாபின் எழவில்லை.

இரண்டு மாசமாகப் பீஸில் கறை இல்லை.
காது ஆறிவிட்டது, கிழிசல் மட்டும் நிற்கிறது.
மில் சந்திலிருந்து எந்தப் பெட்டை கூப்பிட்டாலும்
ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு
வேறு யாருக்கோ வந்த போன் என்பதுபோல்
மூடிக்கொள்கிறது.
போன சனிக்கிழமை அஞ்சாம் தறிக்கடியில்
பெருச்சாளி ஒன்று, தலை இல்லாமல்.
டீக்கடைக்குத் தகவல் சொல்லியாகிவிட்டது,
சொன்னவர் இவர்தான்.

அந்த ஓட்டைப் பெட்டியை எறிஞ்சுராதீங்க அக்கா
என்று ராசாமணி சொல்லியனுப்பியிருக்கிறாள்.
அவளிடம் இப்போது மூன்று பெட்டை.
அடுத்த மின்தடை
வருகிற பதினெட்டாம் தேதி.