வெளிப்பெட்டியில் இரண்டு

வருவதெல்லாம் வருகிறது.
மின்வாரிய பில், லாட்டரி அடித்ததாக ஒரு கடிதம்,
வள்ளியூர் நகைக்கடையின் ஆனித் தள்ளுபடி,
எல்லாம் வேளைக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறது.
போவதுதான் போகவில்லை.

பணகுடியில் காற்றுக் காலம்.
கொடியில் போட்ட உள்பாவாடை
இரண்டு வீடு தள்ளி முருங்கையில் தொங்குகிறது.
கணவாய் வழியாக நுழைகிற காற்று
ஒவ்வொரு இறக்கையாகச் சுற்றிவிட்டு
கரண்டாகி எங்கெங்கோ போய்விடுகிறது.
என் கொட்டேஷன் மட்டும்,
பன்னிரண்டு காற்றாலைக்குக் கிரீஸ் மாற்ற
ஜிஎஸ்டியோடு எவ்வளவு என்கிற ஒற்றைப் பக்கம்,
மேசையை விட்டு நகர மாட்டேன் என்கிறது.
நாலு மணிக்குள் கோயம்புத்தூர் சேர வேண்டும்.
இப்போது இரண்டே முக்கால்.

அனுப்பு என்று அமுக்கினால்
பச்சைக் கோடு பாதி தூரம் ஓடி
செக்போஸ்ட்டில் மறித்த லாரிபோல நிற்கிறது.
பிறகு ஒரு சாம்பல் கட்டம்:
சர்வரை எட்ட முடியவில்லை.
எனக்கே ஒரு கடிதம் போட்டுப் பார்த்தேன்.
'சோதனை' என்று தலைப்பு, உள்ளே ஒன்றுமில்லை.
என்னிடமிருந்து எனக்கு. அதுவும் போகவில்லை.
அழித்தேன்.

கடவுச்சொல்லை மாற்றினேன்.
வைரஸ் காவலைச் சற்று நேரம் தூங்க வைத்தேன்.
மோடத்தை அணைத்து, இருபது எண்ணி, மறுபடி போட்டேன்.
சிவப்பு, மஞ்சள், பச்சை,
அதே சாம்பல் கட்டம்.

கேபிள் தங்கக்கண் போனை எடுத்தபோது
ஏதோ கம்பத்தின் மேல் இருந்தான். பேச்சில் பாதி காற்று.
'வருதாக்கா?'
'வருது.'
'போவலையா?'
'போவல.'
'அப்ப லைன்ல கொறையில்ல, வாசல்லதான்.
இருவத்தஞ்சாம் நம்பர்னு இருக்கும் பாருங்க.
குப்பைக் கடுதாசி போடுதவம்லாம் அது வழியாப் போறாம்னு
எங்க கம்பெனியில பூட்டிட்டாங்க.
ஒங்க பழைய லைன்ல தொறந்து கெடந்திருக்கும்.
ஐநூத்தி எம்பத்தேழுன்னு மாத்துங்க.
பேரும் பாஸ்வேர்டும் கேக்கும், குடுங்க.
சவம், அதுக்குப் பொறவும் போவலைன்னா
எறங்கி வாரேன்.'

அமைப்புகள். வெளிச்செல்லும் சர்வர்.
இத்தனை வருஷம் இந்த வீட்டிலிருந்து
எந்த வாசல் வழியாகப் பேசினேன் என்று
எனக்கே தெரிந்திருக்கவில்லை.
இரண்டையும் ஐந்தையும் அழித்தேன்.
ஐந்து, எட்டு, ஏழு.
'நிக்கது எல்லாத்தையும் மொத்தமா அனுப்புங்க'
என்றான் காற்றுக்குள்ளிருந்து.

பச்சைக் கோடு ஒரே ஓட்டம்.
இரண்டில் ஒன்று போயிற்று, என்றது.
இரண்டில் இரண்டு போயிற்று.

இரண்டா?

மேலே கோயம்புத்தூர். கீழே வினோலியா.
ஐப்பசியில், மழை ராத்திரி, ஒன்றரை மணிக்கு எழுதியது.
சேர்ந்து பிடித்த ஏழு கம்பெனியையும்
அவள் தனியாகக் கொண்டுபோன வாரம்.
ஆறு வரி. ஆறிலும் அவள் அம்மாவை இழுத்திருந்தேன்.
அனுப்பு என்று அமுக்கிய மூச்சிலேயே பயந்து
சுவரிலிருந்து நீலக் கம்பியைப் பிடுங்கினேன்.
'பிறகு அனுப்பவா?' என்று கேட்டிருக்கும்.
ஆம் என்று தட்டியிருப்பேன்போல.
நிறுத்திவிட்டதாகத்தான் படுத்தேன்.
எட்டு மாதம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறது,
ஒரு எழுத்து குறையாமல்.

மூன்றரைக்குக் கோயம்புத்தூரின் தானியங்கி நன்றி.
நாலு ஐந்துக்கு இன்னொன்று,
தடித்த எழுத்தில் அவள் பெயர்.
வருவதெல்லாம் வருகிறது.

'இப்பதான் கெடச்சுது. தேதி பாத்தேன்.
அம்மா சித்திரையில எறந்துட்டா.
ஒனக்குச் சொல்லணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்.
கோயம்புத்தூருக்கு நீயும் போடுதியாமே.
கிரீஸ் வெல ஏறிட்டு, பழைய ரேட்டப் போட்டுறாத.'

பழைய ரேட்டுதான் போட்டிருந்தேன்.

பதில் என்பதை அமுக்கினேன். வெள்ளைக் கட்டம் திறந்தது.
கை, எதற்கென்று தெரியாமல்,
சுவரோரம் நீலக் கம்பியைத் தேடிப் போனது.