கட்டில் சொன்ன எடை

ஏழாம் படுக்கை. நொம்புசோ டுபே.
நுரையீரலில் ரத்தக்கட்டி.
எடை எழுபத்து நான்கு கிலோ.
ஹெப்பாரின், முதல் ஊசி:
ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது யூனிட்.
பெருக்கல் சரி.
டாக்டர் ஹட்டிங்கின் கையெழுத்துகூட
இன்றைக்குப் புரிகிறது.

எனக்கு உறுத்தியது அந்தப் பட்டை.
ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை
அவள் புஜத்தைச் சுற்றிவிட்டு
மிச்சம், நாய் நாக்குப் போல
தொங்கிக்கொண்டிருந்தது.
எழுபத்து நான்கு கிலோவுக்கு
இப்படியா இருக்கும் கை?

"சிஸ்டர் தெம்பெகா, எடை யார் பார்த்தது?"
"கட்டிலே பார்த்துக்கொள்ளும். புதுக் கட்டில்."

போர்வையை விலக்கினேன்.
கால்களுக்கு நடுவே ஆக்ஸிஜன் சிலிண்டர்.
ஓரத்தில் மானிட்டர்.
ஸ்கேன் அறையிலிருந்து அவளோடு வந்து
இறங்க மறந்த மூன்று பம்புகள்.
இரும்பையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறது கட்டில்.
அதைக் குறைசொல்ல முடியாது,
ஏற்றியதைச் சொன்னது.

ஹட்டிங் கையில் ஊசி நிறைந்திருந்தது.
"டாக்டர், ஒரு நிமிஷம்."

ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்கிறேன் இதை.
பதினெட்டு தடவை ஒன்றுமிருக்காது.
பத்தொன்பதாவது தடவை அவர்
கடிகாரத்தைப் பார்ப்பார்.
இப்போதும் பார்த்தார்.
பிறகு சிலிண்டரைப் பார்த்தார்.

எல்லாவற்றையும் இறக்கினோம்.
ஐம்பத்து நான்கு.
ஊசியிலிருந்து ஆயிரத்து அறுநூறு யூனிட்
தொட்டிக்குள் போயிற்று, சத்தமில்லாமல்.

நேராமல் போனதற்கும் ஒரு படிவம் உண்டு.
பாதிப்பு: இல்லை.
காரணம்: சிலிண்டர் என்று எழுதி, அடித்து,
எடை என்று எழுதினேன்.
கீழே பெயர்: சரோஷினி முன்சாமி.

முனிசாமியாகத்தான் கப்பலேறினார் அந்த மனிதர்.
டர்பன் துறையில் ஒரு குமாஸ்தா
ஓர் எழுத்தை விழுங்கிவிட்டான்.
பக்கத்தில் நின்று
"ஐயா, ஒரு நிமிஷம்" என்று சொல்ல
ஆளில்லை.
ஐந்து தலைமுறையாக
அந்தப் பிழையைச் சொல்லிக் கூப்பிட்டால்தான்
திரும்பிப் பார்க்கிறோம்.

வியாழக்கிழமை
நொம்புசோவை வார்டுக்கு மாற்றினார்கள்.
லிஃப்ட் வாசலில் மின்வெட்டு,
ஜெனரேட்டர் எழும்வரை காத்திருந்தோம்.
என் வெள்ளைக் கோட்டைப் பார்த்தவள்
யாரென்று நினைத்தாளோ,
"அமான்ஸி" என்றாள்.
தண்ணீர்.

கொடுத்தேன்.
விழுங்கலாமா என்று
சார்ட்டைப் பார்த்துவிட்டு.