ஏனையவை மாறாதிருக்க

உயர்தரத்தில் அதற்குப் பெயர் கேள்வி.
மற்றது நிரம்பல்.
கேள்வி சரிந்து இறங்கும், நிரம்பல் ஏறிப் போகும்,
வெட்டுகிற இடத்தில் ஒரு புள்ளி.
இரண்டு வருடம் அந்தப் புள்ளியிலிருந்து
அடிமட்டம் வைத்துக் குற்றிட்ட கோடு கீறினேன்.

இங்கே, தேர்ஸ்டன் வீதி மண்டபத்தில்
மிஸ் ரணவீர அதை டிமாண்ட் என்கிறார்.
டிமாண்ட் என்றால்
யாரோ மேசையில் அடிப்பது மாதிரி இருக்கிறது.
கேள்வி என்றால் கடை வாசலில் நின்று
"என்ன விலை?" என்று குரலைத் தாழ்த்துவது.
எங்கள் கொட்டாஞ்சேனை ஒழுங்கையில்
எல்லாரும் கேட்கிறவர்கள்தான்.

கன்டீனில் டிலக்‌ஷன் பரிசோதனை செய்தான்.
முதல் ரோல்ஸைக் கண்ணை மூடிக்கொண்டு,
இரண்டாவதைக் கதைத்துக்கொண்டு.
மூன்றாவதில், உள்ளே வெறும் உருளைக்கிழங்கு என்று
கண்டுபிடித்தான்.
நாலாவதற்கு ஃபஸ்மினா பந்தயம் கட்டினாள்.
எல்லைப் பயன்பாடு குறைகிறது, என்று எழுதினோம்.
அவன் வாயைப் பொத்திக்கொண்டு பைப்படிக்கு ஓட
மறைப் பெறுமானம், என்று திருத்தினோம்.
காசை நாலு பேரும் பங்கு போட்டோம்.
எனக்கு ஒரு ரோல்ஸும் கிடைக்கவில்லை.
அதற்கு என்ன பெயரோ,
பாடத்திட்டத்தில் பார்க்கவேண்டும்.

வியாழன் டியூட்டோரியலுக்கு வந்தால்
வெள்ளவத்தையில் பத்தாம் ஆண்டுப் பிள்ளைக்குக்
கணக்குச் சொல்லிக்கொடுக்க முடியாது.
அமையச் செலவு:
ஆயிரத்து இருநூறு ரூபாய், ஒரு பிளேன்டீ, மாரி பிஸ்கட் இரண்டு.
(அந்த அன்ரி ஒருநாளும் மூன்று வைத்ததில்லை.)

இன்றைக்கு உச்ச விலை.
மிஸ் சமநிலைக்குக் கீழே ஒரு கிடைக்கோடு கீறினார்.
நிரம்பல் இந்தப் பக்கம், கேள்வி அந்தப் பக்கம்.
இடையில் இருந்ததைப் பேனையால் தட்டி
ஷோர்டேஜ், என்றார்.
எல்லாரும் எழுதினார்கள்.

எனக்கு அந்த இடம் தெரியும்.
புறக்கோட்டை, ஐந்தாம் குறுக்குத் தெரு.
கீரிச்சம்பா என்று ஒரு பலகை,
அதில் அரசாங்கம் சொன்ன விலை,
சோக்கில், அப்பாவின் எழுத்து.
பலகைக்குக் கீழே வெறும் பெட்டி.
பின்னால் தார்ப்பாய்.
தார்ப்பாய்க்குப் பின்னால் மூட்டைகள்.
தெரிந்த முகம் வந்தால் முதலாளி கண்ணைக் காட்டுவார்,
அப்பா உள்ளே போவார்.
அந்த விலைக்குப் பில் இல்லை.
தெரியாத முகத்துக்கு
"முடிஞ்சுபோச்சு அம்மா" என்று
நாளைக்கு அறுபது தரம் சொல்வது அவருடைய வேலை.
இரவில், இன்னும் கொஞ்சம் சோறு போடவா என்றாலும்
சில நேரம் அவர் வாயில் அதுதான் வரும்.

கையை உயர்த்தினேன்.
மிஸ், அந்த இடைவெளிக்குள் நின்று
இல்லை, இல்லை என்று சொல்கிறவர்
எந்தக் கோட்டில் வருவார்?
என் இங்கிலீஷில் அது
பாதி அரிசி, பாதி கல்லாக வெளியே வந்தது.
முன்வரிசையில் யாரோ திரும்பிப் பார்த்தார்கள்.
குட் குவெஸ்டியன், என்றார் மிஸ்.
மாதிரியில் வாங்குகிறவரும் விற்கிறவரும் மட்டும்தான்,
பரீட்சைக்கு அது போதும்.
பிறகு பலகையை அழித்தார்.

நூற்றைம்பத்தைந்தாம் நம்பர் பஸ்ஸில்
கொன்டக்டர் மிச்சக் காசு ஐந்து ரூபாயைத் தரவில்லை.
நான் கேட்கவும் இல்லை.
மருதானையில் மழை பிடித்தது.
ஏனையவை மாறாதிருக்க, என்று
ஒவ்வொரு விடையின் தலையிலும் எழுதப் பழக்கியிருக்கிறார்கள்.
கொப்பியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு இறங்கினேன்.

அப்பா கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.
நகக்கண்ணில் தவிடு.
"இண்டைக்கு என்ன படிப்பிச்சவை?"
"இண்டைக்கு லெக்சர் இல்லை அப்பா."

அந்தக் குரலை அவருக்குத் தெரியாதா?
ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார்.
பிறகு குழம்பை விட்டுச்
சோற்றைப் பிசையத் தொடங்கினார்.