எதிலிருந்து கழன்றது

நியூமனைத் தாண்டிய இரண்டாம் இரவு
கேரவனின் தரையில் முதல் திருகாணி.
சுண்டுவிரல் நகமளவு.
கெல்வின் முழங்காலிட்டுத் தேடினான்,
கீல், கைப்பிடி, அடுப்பின் கால்.
இமோஜெனின் படுக்கைத் திரையை மட்டும் விலக்கவில்லை.
பார்த்த எதிலும் துளை காலியாக இல்லை.
"எதிலிருந்து கழன்றது?" என்றான் என்னிடம்,
நான் கழற்றி வைத்தது போல.

சாலை என்று அதைச் சொல்லக் கூடாது.
தகரக் கூரையொன்றைப் பெயர்த்து
மல்லாத்திப் போட்டிருக்கிறார்கள் செம்மண்ணில்.
அதன் மேல் ஓடும்போது பேசினால்
சொல் சில்லு சில்லாக வரும்.
டார்சி அதற்காகவே "ஆ" என்று நீட்டிக்கொண்டு வந்தான்,
தொண்டைக்குள் ஒரு கோழி உட்கார்ந்திருப்பதைப் போல.
இமோஜெனுக்குப் பதினாலு வயது. காதில் அடைப்பு.
வழியோரம் செத்துக் கிடந்த கங்காருக்களை
அவள் எண்ணிக்கொண்டு வந்தாள்.
எண்ணிக்கையை யாரிடமும் சொல்லவில்லை.

நானும் அவனும் பேசிக்கொள்ளாததற்குக் காரணம் ஒன்றுமில்லை.
இருந்தது.
போர்ட் பிரியில் ஆலை அவனுக்குக் கணக்கு முடித்த வாரம்
வந்த பணத்தையெல்லாம் ஒரு பழைய கேரவனில் போட்டுவிட்டு
வீட்டு வாசலில் வந்து ஹார்ன் அடித்தான்.
நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.
கையில் அவனுடைய ஆலைச் சட்டை,
சொட்டிக்கொண்டு.

திருகாணிகள் தினம் ஒன்றாக விழுந்தன.
சில நாள் இரண்டு.
காலியான வெஜிமைட் ஜாடியில் போட்டு வைத்தேன்.
பள்ளத்தில் இறங்கினால் அது கிலுகிலுக்கும்,
யாரும் பிறக்காத வீட்டில் கிலுகிலுப்பை போல.

மார்பிள் பாரில், செப்டம்பரிலேயே நாற்பது டிகிரி.
பெட்ரோல் போட்ட பெண்ணின் சட்டையில்
'ராண்டா' என்று நூலில் தைத்திருந்தது.
கட்டைவிரலால் டயரை ஒரு அழுத்து.
"கல்லு மாதிரி இருக்கு. காத்தை இறக்குங்க.
இந்தத் தடத்துல விறைச்சுக்கிட்டு ஓடினா
வண்டிதான் உதிரும்."
கெல்வின் குந்தி உட்கார்ந்தான்.
ஆறு டயரும் ஒன்றன்பின் ஒன்றாக உஸ் என்றன.
முதல் நாளே நான் சொன்னேன் என்ற வாக்கியம்
நாக்கு நுனிவரை வந்தது.
புழுதியோடு சேர்த்து விழுங்கினேன்.

எண்பது மைல் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது
கடலைக் காணவில்லை.
வற்றிப்போய்த் தொடுவானத்தில் ஒரு கோடாகக் கிடந்தது.
"யார் எடுத்துட்டுப் போனாங்க?" என்றான் டார்சி,
சிப்பிகளை மிதித்து நொறுக்கியபடி.
இருட்டிய பிறகுதான் அது திரும்பி வந்தது,
பார்க்க முடியாமல், சத்தமாக மட்டும்.

அப்போது இமோஜென் காதடைப்பைக் கழற்றினாள்.
"நூத்திப் பதினேழு" என்றாள்.
ஒருவருக்கும் புரியவில்லை.
"எண்பத்தி மூணாவதோட பை அசைஞ்சுது.
உள்ள குட்டி இருந்துச்சு.
நிறுத்துங்கன்னு கத்தினேன்.
உங்களுக்குக் கேக்கல."

கெல்வின் தூண்டிலைக் கீழே வைத்தான்.
நைலான் நூல் தன்பாட்டுக்கு அலையோடு போய்க்கொண்டிருந்தது.
எந்த ஊர் தாண்டி, எந்த வளைவு என்று கேட்டான்.
அதைக் கேட்டு என்ன ஆகப் போகிறது?
ஆனாலும் கேட்டான். அவளும் சொன்னாள்,
கிலோமீட்டர் கல் உட்பட.
நான் இருட்டில் அவன் முழங்காலைத் தேடிப் பிடித்துக்கொண்டேன்.
மணல் ஒட்டியிருந்தது.

காலையில் அவன் செருப்புக்குள் இன்னொரு திருகாணி.
இமோஜென் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"இது என் தலைமாட்டு விளக்கோடது.
அது ரொம்ப நாளா தொங்கிட்டிருக்கு."
வெண்ணெய்க் கத்தியால் முடுக்கினாள்.
விளக்கு எரியவில்லை.
ஆடாமல் நின்றது.

மீதிப் பதினொன்று ஜாடியிலேயே.
அவை இல்லாமலேதான் ப்ரூம் வரை போனோம்.